சேலையூர் கேட்டிலிருந்து வெள்ளவத்தை கேட் வரை

சென்னை மீனம்பாக்கத்துக்கும் கொழும்பு கட்டுநாயக்காவுக்கும் இடையே ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய எழுநூறு கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி. இந்த இரண்டு தகவல்களையும் என் இளைய மகள் நித்யா ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ரசம் சாதத்துக்கும் மோர் சாதத்துக்கும் நடுவில் சொன்னாள். பொது அறிவு வளர்க்கிறாள் என்று நினைத்து நானும் தலையாட்டி வைத்தேன். ஊறுகாய் போட்டுக்கொள்ளும்போதுதான், கொழும்பில் பிரணவன் என்று ஒரு பையன் இருப்பதும், அவன் அங்கே இருப்பதால்தான் அந்த ஊர் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதும் விளங்கின.

பையன் புதியவன் இல்லை. நித்யாவின் கம்பெனியில் கொழும்புக் கிளைக்காரன். ஒரு வருடம் சென்னை அலுவலகத்தில் இருந்தான். எங்கள் வீட்டில் இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறான். இரண்டு முறையும் தட்டைத் தானே கழுவி வைத்து, இருபத்தொன்பது வருடமாக அந்த வீட்டில் சாப்பிட்டுவரும் என்னைச் சங்கடத்தில் ஆழ்த்தியிருக்கிறான். என் மனைவி சுகுணாவுக்கு அவன்மேல் எந்த ஆட்சேபணையும் இல்லை. ஆட்சேபணை கடல்மேல்தான்.

"வெளிநாட்டுல பொண்ணு குடுக்க மாட்டேன்," என்றாள்.

நித்யா தயாராகத்தான் வந்திருந்தாள். மூத்தவள் ரம்யாவைக் கோவிலம்பாக்கத்தில் கொடுத்திருக்கிறோம். சேலையூரிலிருந்து சாயங்கால வேளையில் பஸ் மாறி அங்கே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஆகவே கொழும்பு, கோவிலம்பாக்கத்தைவிடக் கால் மணி நேரம் பக்கம். வாதத்தில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை. சுகுணாவுக்குத் தெரிந்தது.

"ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் கணக்கு எனக்கு எதுக்குடி? நான் என்ன ஏர்போர்ட்லயா குடியிருக்கேன்? நம்ம கேட்டுல இருந்து அவங்க கேட்டுக்கு எவ்வளவுன்னு சொல்லு."

உலகத்தில் எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லும் இணையதளங்கள்கூட, சேலையூர் கேம்ப் ரோட்டிலுள்ள ஒரு கேட்டைப் பற்றிப் பேச மறுத்துவிட்டன. எனவே ஆள் அனுப்பி அளப்பது என்று முடிவாயிற்று. நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதத்தை நேரில் பார்த்து மதிப்பிட்டுச் சொல்கிறவன். வீட்டில் எனக்குத் தகுதி இருப்பதாக ஒப்புக்கொள்ளப்பட்ட முதல் சந்தர்ப்பம் அது.

நிபந்தனை தெளிவாக இருந்தது. அரை நாளுக்குள் போய்ச் சேர முடிந்தால் சுகுணா யோசிப்பாள். முடியாவிட்டால் அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. அரை நாள் என்றால் பன்னிரண்டு மணி நேரமா, எங்கள் அலுவலகத்து அரை நாள் லீவைப் போல நான்கு மணி நேரமா என்று நான் கேட்கவில்லை. நித்யாவும் கேட்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு டிக்கெட் போட்டுக் கொடுத்தாள்.

டிக்கெட் வியாழக்கிழமைக்கு வந்தது. வியாழக்கிழமை தெற்கே சூலம். அன்று தெற்குத் திசையில் பயணம் கிளம்பக் கூடாது. கொழும்போ தெற்கே இருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், எங்கள் விமான நிலையத்துக்கு எதிரே உள்ள ரயில் நிலையத்தின் பெயரே திரிசூலம். ஒன்றுக்கு மூன்றாக இருக்கிறது.

இதற்குப் பரிகாரம் உண்டு. பரஸ்தானம் என்பார்கள். கிளம்பக் கூடாத நாளுக்கு முந்தின நாளே, நல்ல நேரத்தில், பெட்டியையோ பையையோ போகும் திசையில் உள்ள அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பியதாகக் கணக்கு. மறுநாள் நாம் எழுந்து போய்ப் பையோடு சேர்ந்துகொள்கிறோம், அவ்வளவுதான். விமானக் கம்பெனிகளும் பெட்டியை ஒரு ஊருக்கும் ஆளை வேறு ஊருக்கும் அனுப்பி இதே தத்துவத்தைக் கடைப்பிடிப்பதால் எனக்கு இதில் ஆட்சேபணை இருந்ததில்லை.

எங்கள் வீட்டுக்குத் தெற்கே உள்ளது டேவிட் சார் வீடு. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், தனியாக இருக்கிறார். தெருவில் யார் வீட்டுப் பரஸ்தானப் பையும் அவர் வீட்டு ஹாலில்தான், ஏசுநாதர் படத்துக்குக் கீழே, ராத்தங்கும். புதன்கிழமை சாயங்காலம் நான் பையைக் கொடுத்தபோது வாங்கி ஓரமாக வைத்தார்.

"இங்க தங்கின பையெல்லாம் நியூஜெர்சி வரைக்கும் போயிருக்கு சார். நான்தான் இன்னும் செங்கல்பட்டைத் தாண்டல," என்றார்.

பையில் இரண்டு சட்டை, ஒரு துண்டு வைத்திருந்தேன். சுகுணா அதைத் திறந்து பார்த்துவிட்டு, வெறும் துண்டை அனுப்பிவிட்டுக் கிளம்பியாச்சு என்றால் யாரை ஏமாற்றுவதாக நினைப்பு என்று கேட்டாள். எது இல்லாமல் போக முடியாதோ அது பையில் இருக்க வேண்டுமாம். அதனால் பாஸ்போர்ட்டையும் உள்ளே வைத்தேன்.

வியாழக்கிழமை காலை டேவிட் சார் வீட்டில் பூட்டு தொங்கியது. போன் செய்தோம். உள்ளே, பைக்குப் பக்கத்தில் எங்கேயோ, அவர் போன் பாட்டுப் பாடியது. சுகுணா ஜன்னல் வழியாகப் பார்த்து, பை தெரிகிறது என்று ஆறுதல் சொன்னாள். நித்யா என் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒருவேளை அளவை இப்போதே ஆரம்பித்துவிட்டாளோ என்று பயமாக இருந்தது.

தெரு முனை இஸ்திரி வண்டிக்காரர்தான், சார் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போனதாகச் சொன்னார். ஸ்கூட்டரில் போய் லேபில் விசாரித்தால், வெறும் வயிற்று ரத்தம் கொடுத்தாயிற்று, சாப்பிட்ட பிறகு கொடுக்கும் ரத்தத்துக்காகச் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். கேம்ப் ரோட்டில் இட்லி கிடைக்கும் இடங்கள் எத்தனை என்பதை நான் அதற்கு முன் யோசித்ததில்லை. நாலாவது கடையில், முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு, பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நீங்க நேத்தே கிளம்பிட்டீங்கள்ல?" என்றார். அவரை என்ன குறை சொல்வது? விதிமுறைப்படி அவர் சொன்னது சரி.

அவரிடம் சாவி வாங்கி, பையோடு தெருவுக்கு வந்தபோது, வாசலில் காத்திருந்த கால் டாக்சிக்காரர் பொறுமையிழந்து போய்விட்டிருந்தார். கிடைத்தது ஆட்டோ. கேம்ப் ரோடு சிக்னலிலேயே வண்டிகள் நகரவில்லை. ஜிஎஸ்டி ரோடு இன்னும் மோசம் என்று கேள்விப்பட்டதும், தாம்பரம் ஸ்டேஷனில் விட்டுவிடுங்கள், மின்சார ரயிலில் திரிசூலம் போய்க்கொள்கிறேன் என்றேன். டிரைவருக்கு மனசு ஆறவில்லை.

"இன்னா சார் நீ? ஏரோப்ளேன்ல போற ஆளு எலக்ட்ரிக் ட்ரெயின்ல வந்து எறங்குனா அவன் உள்ள வுடுவானா?"

கொழும்புக்குத்தான் என்றேன். அவர் கொஞ்சம் தணிந்தார். "கொயும்பா? அது பக்கம்தான் சார். குரோம்பேட்டைய தாண்டுறதுதான் பேஜாரு."

ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியது. தெற்கே உள்ள தீவுக்குப் போவதற்காக நான் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். சூலத்துக்கு இது தெரிந்திருந்தால் பரஸ்தானமே தேவைப்பட்டிருக்காது என்பது பல்லாவரத்தில்தான் உறைத்தது.

மூச்சிரைக்க ஓடி, எல்லா வரிசைகளிலும் மன்னிப்புக் கேட்டு, பெல்ட்டைக் கழற்றி மாட்டி, விமானம் ஏறும் வாசலை அடைந்தால் அங்கே ஒருவரும் எழுந்திருக்கவில்லை. விமானம் தாமதம். காரணம் சொல்லப்படவில்லை. பையில்லாமல் நான் தவித்த நேரத்தைவிட அதிக நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். டேவிட் சார் சாப்பாட்டுக்குப் பிந்தைய ரத்தத்தைக் கொடுத்து, ரிசல்ட்டும் வாங்கியிருப்பார்.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் கொழும்பு புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் அம்மாள். மாதம் ஒருமுறை தி.நகருக்கு வந்து புடவை எடுத்துப் போகிறாராம். அவருக்கு விமானம் பற்றி ஒரு புகாரும் இல்லை, தி.நகரிலிருந்து மீனம்பாக்கம் வருவதற்குள் உயிர் போய்விடுகிறது என்றார். அப்படியானால் கட்டுநாயக்காவிலிருந்து கொழும்பு? அதைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

சாப்பிட ஏதோ ஒரு சுருட்டிய ரொட்டி கொடுத்தார்கள். இரண்டாவது வாய் மெல்வதற்குள் குப்பை வாங்கும் வண்டி வந்துவிட்டது. கொடுக்கும் பெண்ணும் வாங்கும் பெண்ணும் நடைபாதையில் மோதிக்கொள்ளாத குறை. ஒன்றேகால் மணி என்று நித்யா சொன்னது உண்மை. அந்த ஒரு பகுதியில் மட்டும் யாரும் யாரையும் தேடவில்லை, சாவி தொலையவில்லை, சிக்னல் விழவில்லை.

பிரணவன் காரோடு வந்திருந்தான். வேகச்சாலையில் கார் வழுக்கிக்கொண்டு போயிற்று. இந்த நாட்டைப் பற்றி வீட்டில் சொல்ல ஒன்றுமே இருக்காதோ என்று நான் கவலைப்படத் தொடங்கிய நேரத்தில் தெற்கே காலி என்ற ஊருக்குப் போகும் காலி வீதிக்கு வந்து நின்றோம். நின்றோம் என்றால் நின்றோம். எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. ஒரு வித்தியாசம், யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ஹாரன் இல்லாத நெரிசல், தாளிக்காத சாம்பார் மாதிரி; சாப்பிடலாம், ஆனால் சாப்பிட்டதாகத் தோன்றாது.

கொழும்பின் தென்பகுதியான வெள்ளவத்தையில் பிரணவன் வீடு இருக்கும் அடுக்குமாடிக் கட்டிடத்தின் கேட்டைத் தொட்டபோது மாலை நன்றாகச் சாய்ந்திருந்தது. வீட்டுக் கேட்டிலிருந்து கணக்கிட்டால் பத்து மணி நேரம். பரஸ்தானத்திலிருந்து கணக்கிட்டால் ஒரு முழு நாள். எங்கிருந்து கணக்கிட வேண்டும் என்று சுகுணாவிடம் உத்தரவு வாங்கியிருக்க வேண்டும்.

பிரணவனின் அம்மா புவனேஸ்வரி, என் வயதுக்காரர். கணவர் இல்லை. பேசும் தமிழ் யாழ்ப்பாணத்துத் தமிழ். காது பழகுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தாலும், எல்லாம் புரிகிறது என்ற முகபாவத்தை முதல் நிமிடத்திலேயே வரவழைத்துக்கொண்டேன். சிவப்பரிசி இடியாப்பமும் சொதியும் சம்பல் என்ற தேங்காய்த் துவையலும் வைத்தார். சொதி என்பது தேங்காய்ப்பாலில் மிதக்கும் சமாதானம். சம்பல் அப்படியில்லை.

"சரியான உறைப்பு அண்ணை, பார்த்துச் சாப்பிடுங்கோ," என்றார்.

காரம் சரியாக இருக்கிறதென்று தானே சொல்கிறார், சமையலில் தன்னம்பிக்கை உள்ளவர் என்று நினைத்து நிறையப் போட்டுக்கொண்டேன். கண்ணில் நீர் வழிந்தது. அவரவர் நாட்டில் சரி என்பதன் அளவு வேறு போலும் என்று சமாதானம் செய்துகொண்டு சொதியைக் குடித்தேன்.

தேத்தண்ணி வந்தது. மூத்த மகன் கனடாவில், மகள் லண்டனில் என்று சுவரில் இருந்த படங்களைக் காட்டினார். பேரப்பிள்ளைகள் எல்லாரும் பனிக்குல்லாய் போட்டிருந்தார்கள். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"உங்கட பிள்ளையில ஒரு குறையும் இல்லை அண்ணை. போனில கதைச்சனான், நல்ல பிள்ளை. ஆனா தாம்பரம் சரியான தூரம்."

அந்த 'ஆனா' என் காதில் விழத்தான் செய்தது. ஆனால் 'சரியான தூரம்' என்ற தீர்ப்பின் இனிமையில் அது கரைந்துவிட்டது. மிகவும் பக்கமும் இல்லை, மிகவும் தொலைவும் இல்லை, சம்பந்திகளுக்கு நடுவே இருக்க வேண்டிய தூரம். பெரிய மனுஷி, எவ்வளவு நாசூக்காகச் சொல்கிறார் என்று வியந்தேன். "நீங்க சொல்றது ரொம்பச் சரி," என்று கைகூப்பினேன். அவர் முகம் ஏனோ வாடியது. சம்மதம் சொன்ன தாயின் நெகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கே நித்யாவுக்குப் போன் போட்டேன். பையனின் அம்மா தாம்பரம் சரியான தூரம் என்று சொல்லிவிட்டார் என்றேன். அந்தப் பக்கம் சந்தோஷத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. சுகுணா போனை வாங்கி, "அதை எப்படி அவங்க முடிவு பண்ணுவாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை பிரணவன் லீவு போட்டுவிட்டு ஊர் காட்டினான். கடலை ஒட்டியே ரயில் ஓடுகிறது. வாசற்படியில் நின்றால் காலில் அலை தெறிக்கும் போலிருக்கிறது. தாம்பரம் மின்சார ரயிலில் வாசற்படியில் நின்றால் காலில் தெறிப்பவற்றை அவனுக்குச் சொல்லவில்லை. வருங்காலத்தில் அவனே பார்க்கட்டும்.

மாலையில் காலிமுகத்திடலில் கடலைப் பார்த்தபடி இறால் வடை சாப்பிட்டோம். பக்கத்து பெஞ்சில் வயதான சிங்களத் தம்பதி ஒன்று எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தது. மொழி தெரியாவிட்டாலும் யார் தோற்கிறார் என்பது தெரிந்தது. என்ன என்று பிரணவனைக் கேட்டேன். பெரியவருக்குக் காதில் காற்று புகுந்துவிட்டதாம். இது இந்தியாவிலிருந்து வரும் காற்று, தொப்பி போடு என்று கிளம்பும்போதே சொன்னேனா இல்லையா என்று அம்மையார் கேட்கிறாராம். கடல் மேற்கே இருந்தது, இந்தியா வடக்கே.

வடை இறங்கியதும் அவன் அம்மாவைப் பற்றிப் பாராட்டிச் சொன்னேன். எவ்வளவு பெருந்தன்மை, தூரத்தைப் பற்றி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாரே என்றேன். பிரணவன் வடையை வாயருகே நிறுத்தினான்.

"அங்கிள், அம்மா 'சரியான தூரம்' எண்டுதான் சொன்னவ," என்றான். பிறகு, சென்னையில் இருந்த ஒரு வருடத்தைப் பயன்படுத்தித் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தான். "அப்படின்னா ரொம்ப ரொம்பத் தூரம்னு அர்த்தம். வேண்டாம்னு சொல்றாங்க."

சம்பலும் அப்போதுதான் புரிந்தது.

அந்த அம்மாளின் கவலை இதுதான். இரண்டு பிள்ளைகளைக் குளிர் நாடுகளுக்குக் கொடுத்தாயிற்று. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது இவன் ஒருவன். இந்தப் பெண்ணைக் கட்டினால் இவனும் சென்னைக்குப் போய்விடுவான். பல வருடங்களுக்கு முன் கோயில் பார்க்க வந்தபோது, மீனம்பாக்கத்தில் இறங்கித் தாம்பரம் தாண்டுவதற்குள் பஸ்ஸில் தலை சுற்றிப் போனதாம். அன்றிலிருந்து அவர் அகராதியில் தூரம் என்றால் தாம்பரம். அவரும் விமான நிலையக் கணக்கை நம்புகிறவர் இல்லை. கேட்டுக்குக் கேட் பார்க்கிறவர். இந்தியாவில் அவருக்கு ஒரு இரட்டைப் பிறவி இருப்பதை நான் சொல்லவில்லை. நான் கைகூப்பி 'ரொம்பச் சரி' என்று சொன்னதை நினைத்துக்கொண்டேன். இரு தரப்பும் பேசி ஒருமனதாக முறித்துக்கொண்டதாகத்தான் அவர் நினைத்திருப்பார்.

"இனி என்ன அங்கிள் செய்யிறது?" என்று கேட்டான் பிரணவன். வேடிக்கையாகப் பேசும் பையன், அப்போது குரலில் அது இல்லை. நான் இழப்பை மதிப்பிடுகிறவன்தானே தவிர ஈடு கொடுப்பது வேறு டிபார்ட்மெண்ட் என்று சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை திரும்பினேன். புவனேஸ்வரி அம்மாள் வாசல்வரை வந்து, வழியில் சாப்பிட இடியாப்பம் கட்டிக் கொடுத்தார். கோபமில்லாத மறுப்பு, அதனால் இன்னும் கனமாக இருந்தது. விமானம் இந்த முறை சரியான நேரத்துக்கு வந்தது. இந்தியத் தமிழில் சொல்கிறேன். மீனம்பாக்கத்தில் இறங்கியபோது மழை. கடலைத் தாண்ட ஆன நேரம், பல்லாவரத்திலிருந்து தாம்பரம் சானடோரியம் வருவதற்கு ஆயிற்று.

வீட்டில் இரண்டு பேரும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். போகும்போது பத்து மணி நேரம் என்று ஒப்புக்கொண்டேன். நித்யா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேற என்னப்பா?" என்றாள். சொல்லித்தான் ஆக வேண்டும். சரியான என்ற சொல்லின் இலங்கைப் பொருளை விளக்கினேன். நித்யா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் எதுவும் உருளவில்லை. உருண்டிருந்தால் தேவலை.

சுகுணா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தாம்பரம் தூரமா?" என்றாள்.

ஆமாம், அப்படித்தான் அவர்கள் அபிப்பிராயம் என்றேன்.

"எதுங்க தூரம்? ஸ்டேஷன் இருக்கு, பஸ் ஸ்டாண்டு இருக்கு, பத்து கிலோமீட்டர்ல ஏர்போர்ட் இருக்கு. இருபத்தொன்பது வருஷமா இங்கதான் இருக்கேன், ஒருத்தரும் தூரம்னு சொன்னதில்ல." அவள் அண்ணன் வருடத்துக்கு இரண்டு முறை சொல்வதுண்டு. ஞாபகப்படுத்த அது நேரமில்லை. "கனடாவுல பையனைக் குடுத்திருக்காங்க, லண்டன்ல பொண்ணைக் குடுத்திருக்காங்க, சேலையூர் தூரமாம். அந்தம்மா நம்பரைக் குடுங்க."

கொடுத்தேன். தடுக்கும் சக்தி எனக்கு எப்போதும் இருந்ததில்லை. கடல் கடந்து பேசுவதால் சுகுணா குரலை உயர்த்திக்கொண்டாள். முதலில் நலம் விசாரிப்பு. பிறகு இடியாப்பம் நன்றாக இருந்ததாமே என்றாள். நான் இன்னும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து நீண்ட பேச்சு. சுகுணா "ம்" கொட்டிக்கொண்டே இருந்தாள். ஓரிடத்தில் அவள் குரல் தானாகவே இறங்கியது. கோவிலம்பாக்கத்துக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு முதல் மாதம் தான் சரியாகச் சாப்பிடவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது எனக்கே புதிய செய்தி.

நித்யா அடுப்படி நிலையில் வந்து நின்றாள். காபியைக் கலந்தவள் கொண்டுவர மறந்து கையிலேயே வைத்திருந்தாள்.

"முதல்ல நீங்க வந்து பொண்ணைப் பாருங்க, அதானே முறை," என்றது சுகுணாவின் குரல். அந்தப் பக்கம் என்ன கேட்டார்கள் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. பதில் தெருவுக்கே கேட்டது.

"தூரமா? யாருங்க சொன்னது? ஒன்றேகால் மணி நேரந்தாங்க. ஏறி உக்காந்து பெல்ட்டைப் போட்டா எறங்கிடலாம். எங்க பெரியவ இருக்கிற கோவிலம்பாக்கம் அதைவிடத் தூரம்."

கேட்டுக்குக் கேட் என்று ஒரு கணக்கு இருக்கிறதே என்று நான் வாயைத் திறந்தேன். நித்யா வேகமாக வந்து காபி டம்ளரை என் கையில் திணித்தாள்.